கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் அம்மா, விட்டுவிடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு வயது 61. மூன்றும் சுகப்பிரசவம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கோபி பக்கம் கிராமத்தில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். ஒரு வருடமாகச் சாயங்காலம் ஆனால் கீழே ஏதோ உருண்டையாகத் தட்டுப்படுகிறது, காலையில் எழுந்தால் இருப்பதில்லை. டவுனில் காட்டியபோது கர்ப்பப்பை இறக்கம், இரண்டாவது ஸ்டேஜ், எடுத்துவிடலாம் என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள். அம்மா மாட்டேன் என்கிறார். இப்போது விட்டால் வயதான பிறகு உடம்பு தாங்காது என்பது அண்ணனின் வாதம். வைத்திருந்தால் புற்றுநோயாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அம்மா சொல்வதைக் கேட்பதா, கட்டாயப்படுத்திக் கூட்டிப்போவதா என்று கேட்கிறீர்கள்.

நான் மகளிர் நோய் மருத்துவர், இந்த ஆபரேஷனைச் செய்கிறவள். அதனால் இதை ஆபரேஷன் மேல் வெறுப்போடு எழுதவில்லை. அம்மாவை நான் பரிசோதிக்கவும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் மாட்டேன் என்பதில் மருத்துவப்படி தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏன் மாட்டேன் என்கிறார் என்பதை மட்டும் யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் புற்றுநோய் பயத்தைத் தீர்த்துவிடலாம். இறக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டும் வேறு வேறு. மாதவிலக்கு நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதைப் பார்த்தே ஆகவேண்டும், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஆனால் அது இறக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பெண்களுக்கும் பொருந்துகிற விஷயம். அந்தப் பயத்தில் யாரும் ஆபரேஷன் தேதி வாங்க வேண்டாம்.

இனி இறக்கம் என்றால் என்ன என்று பார்ப்போம். இடுப்பு எலும்புக்கு அடியில் தூளி கட்டியதுபோல ஒரு தசை விரிப்பு இருக்கிறது. அதன்மேல்தான் முன்னால் மூத்திரப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. மேலே இருந்து தசைநார்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரசவத்தில் அந்தத் தசை நீண்டு, சில பேருக்கு எலும்போடு ஒட்டியிருக்கிற இடத்திலேயே பிய்ந்துவிடுகிறது. இருபது முப்பது வருடம் ஒன்றும் தெரியாது. மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைந்து, கூடவே மலச்சிக்கலும் தீராத இருமலும் கனமும் சேரும்போது மெல்ல இறங்கத் தொடங்கும். எது இறங்கும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பப்பை இறக்கம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், பெரும்பாலும் முதலில் சரிவது முன்பக்கச் சுவரும் அதன் பின்னால் இருக்கிற மூத்திரப்பையும்தான். அம்மாவுக்கு எது இறங்கியிருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். படுத்திருக்கும்போது மட்டும் பார்க்காமல் நன்றாக முக்கச் சொல்லியும், தேவைப்பட்டால் நிற்க வைத்தும் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். ஸ்கேன் இதைக் கண்டுபிடிக்கிற கருவி இல்லை. கிட்னி வீங்கியிருக்கிறதா, மூத்திரம் போன பிறகும் பையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கத்தான் அது உதவும்.

ஸ்டேஜ் என்ற கணக்கு பலரைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது. இரண்டாவது ஸ்டேஜ் என்றால், இறங்கி வருவதன் நுனி கன்னித்திரை இருந்த வட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளேயிருந்து ஒரு சென்டிமீட்டர் வெளியே வரை எங்காவது நிற்கிறது என்று பொருள். அந்த வட்டத்தைத் தாண்டி வரும் வரைக்கும் பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான பெண்களைச் சேர்த்துச் செய்த பெரிய ஆய்வில், கர்ப்பப்பை இருக்கிற பெண்களில் 41 சதவீதம் பேருக்குப் பரிசோதனையில் ஏதோ ஓர் அளவு இறக்கம் தெரிந்தது. அதே நாட்டில் வேறொரு கணக்கெடுப்பில், கீழே ஏதோ வருவதாகத் தாங்களே உணர்ந்து சொன்னவர்கள் சுமார் 3 சதவீதம்தான். அதாவது டாக்டரின் கண்ணுக்குத் தெரிகிற இறக்கம் வேறு, பெண்ணுக்குத் தொந்தரவு தருகிற இறக்கம் வேறு. ஆபரேஷன் இரண்டாவது வகைக்குத்தான்.

அப்படியே விட்டால் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும் என்பதும் முழு உண்மை இல்லை. மாதவிலக்கு நின்ற பெண்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடியவர்கள் 11 சதவீதம். அதே அளவுக்குத் தானாகவே குறைந்தவர்களும் 3 சதவீதம் பக்கம் இருந்தார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, ஏறக்குறைய இருந்தபடியே இருந்தது. உடம்பு கனமாக இருந்தால் கூடுகிற வாய்ப்பு அதிகம். ஆக இன்று முடிவெடுக்காவிட்டால் நாளை கை மீறிவிடும் என்கிற மாதிரி நோய் இல்லை இது. அவசரம் இருக்கிற நிலைமைகள் சில உண்டு, பின்னால் சொல்கிறேன்.

சரி, அம்மா ஏன் மாட்டேன் என்கிறார்?

ஓபியில் இதைக் கேட்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வந்த மகனையும் மருமகளையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பரிசோதனை முடிந்து புடவையைச் சரிசெய்துகொண்டு அவர் உட்கார்ந்த பிறகுதான் கேட்பேன். "உங்களுக்கு இது என்ன தொந்தரவு பண்ணுதும்மா?" என்று கேட்டால் சில பேர் ரொம்ப நேரம் யோசிப்பார்கள். "ஒண்ணுமில்லைங்க, கைக்குத் தட்டுப்பட்டுச்சு, அதான் பயந்துட்டேன்" என்பார்கள். இவர்களுக்கு நான் ஆபரேஷன் பேச்சையே எடுப்பதில்லை. வேறு சிலர் ஆபரேஷன் வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வேறு கதையை அவிழ்ப்பார்கள். பஸ்ஸில் ஏறியே ரொம்ப நாளாயிற்று, கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, எங்கே போனாலும் முதலில் பாத்ரூமைத் தேடவேண்டியிருக்கிறது, நடந்தால் உரசிப் புண்ணாகிறது என்று பழைய வேட்டித் துணியைக் கோவணம்போலக் கட்டிக்கொண்டுதான் காட்டு வேலைக்குப் போகிறேன் என்பார்கள். இவர்களும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வேண்டாமுக்குள் முதுகில் ஊசி போடுகிற பயம் இருக்கலாம், ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்கிற கூச்சம் இருக்கலாம், செலவு யார் தலையில் விழும் என்று இரண்டு மகன்களும் வாசலில் நின்று பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கலாம்.

உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம்: மாட்டைப் பற்றி யாராவது பேசினீர்களா? ஆபரேஷன் முடிந்தால் குறைந்தது ஆறு வாரம், பல டாக்டர்கள் மூன்று மாதம் வரை, கனம் தூக்காதீர்கள் என்பார்கள். இரண்டு கறவை மாட்டுக்கு யார் தீவனம் அறுத்துப் போடுவது, யார் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவது? அந்தப் பணம் அவர் கையில் வருகிற பணம். அதற்குப் பதில் இல்லாமல் தேதி வாங்கினால் எந்த அம்மாவும் மாட்டேன் என்றுதான் சொல்வார். அது பிடிவாதம் இல்லை. ஆகவே அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். நீங்கள் பெண், உங்களிடம் சொல்வார். தொந்தரவு குறைவு என்பதால் மாட்டேன் என்கிறார் என்றால் அதை மதியுங்கள். தொந்தரவு நிறைய இருந்தும் வேறு காரணத்துக்காக மாட்டேன் என்கிறார் என்றால் அந்தக் காரணத்தைத் தீர்த்துவைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

அவர் முடிவெடுக்க, ஆபரேஷன் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும் தெரியவேண்டும்.

நம் ஊரில் இறக்கம் என்றாலே "எடுத்துடலாம்" என்ற சொல் உடனே வந்துவிடுகிறது. கர்ப்பப்பையை எடுப்பது மட்டும் இறக்கத்தைச் சரி பண்ணாது. கர்ப்பப்பை தானாக இறங்கவில்லை, அதைப் பிடித்திருந்த பிடிமானம் போயிருக்கிறது. எடுத்த பிறகு மேல்நுனியைத் தசைநாரோடு சேர்த்து ஒழுங்காகத் தொங்கவிட்டுத் தைக்காவிட்டால், சில வருடத்தில் பிறப்புறுப்பின் மேல்பகுதியே தொப்பி கவிழ்ந்த மாதிரி இறங்கி வரும். அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டம். கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்டுகிற முறைகளும் நீண்டகாலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. மான்செஸ்டர் ஆபரேஷன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. புரந்தரே, ஷிரோத்கர் என்று பம்பாய் டாக்டர்கள் பெயரிலேயே முறைகள் உண்டு. அதனால் "ஏன் எடுக்கவேண்டும், எடுத்தால் மேல்நுனியை எதோடு கட்டப்போகிறீர்கள்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கிற வழக்கம் இந்த நாட்டில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், 2023இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, அதைத் தடுக்கிற வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

சரியாகச் செய்தாலும் எவ்வளவு நாள் நிற்கும்? 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சொந்தத் தசைநாரிலேயே கட்டுகிற இரண்டு முக்கியமான முறைகளை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தது. கறாரான அளவுகோலில் ஒன்றில் 61, மற்றொன்றில் 70 சதவீதம் "தோல்வி". படிக்கும்போது தூக்கிவாரிப் போடும். ஆனால் அந்த அளவுகோலில் சற்றே இறங்கியதையும் தோல்வி என்று எழுதியிருக்கிறார்கள். மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் சுமார் பத்தில் ஒருவர்தான், முன்பிருந்ததைவிட நன்றாக இருக்கிறேன் என்று சொன்னவர்களே அதிகம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஆபரேஷன் பெரும்பாலானவர்களுக்கு நிம்மதி தருகிறது, ஆனால் இருபது வயது உடம்பைத் திருப்பித் தருவதில்லை. இன்னொரு விஷயம், இறங்கியிருக்கிற மூத்திரப்பை சில பேருக்கு மூத்திரக்குழாயை மடக்கி வைத்திருக்கும். தூக்கிக் கட்டியதும் அந்த மடிப்பு நிமிர்ந்து, அதுவரை இல்லாத மூத்திரக் கசிவு இருமும்போதும் தும்மும்போதும் தொடங்கலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் டாக்டர் கெடுத்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கச் செயற்கை வலை (மெஷ்) வைத்துத் தைக்கிறோம் என்று சொன்னால் எந்த வழியாக என்று கேளுங்கள். பிறப்புறுப்பு வழியாக வைக்கிற வலை சதையை அரித்து வெளியே வந்து, தீராத வலியில் பெண்களைத் தள்ளியது. ஆஸ்திரேலியா 2017 கடைசியில் தடை செய்தது, பிரிட்டன் 2018இல் நிறுத்திவைத்தது, அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் விற்பனையையே நிறுத்தச் சொன்னார்கள். வயிற்று வழியாக, லேப்ராஸ்கோப்பியில் வைக்கிற வலை வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆபரேஷன் இல்லையென்றால் என்ன என்பதற்கு நேரடியான பதில் ரிங். பெஸரி என்பார்கள். உங்கள் டாக்டர் இதைச் சொல்லவே இல்லை என்பது என் குறை. நேரம் இல்லாத ஓபியில் இதைப் பொருத்தி, பழக்கிவிட்டு, திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கப் பொறுமை வேண்டும் என்பதால் பல இடங்களில் இந்தப் பேச்சே எழுவதில்லை.

சிலிக்கானில் செய்த வளையம், பல சைஸில் வரும். விரலால் அளவு பார்த்து, வளையத்தை இரண்டாக மடித்து உள்ளே விட்டால் மேலே போய் விரிந்து உட்கார்ந்துகொள்ளும். சரியான சைஸ் என்றால் அவருக்கு உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. வளையத்துக்கும் சுவருக்கும் நடுவில் என் விரல் சுலபமாகப் போய்வர வேண்டும். பிறகு அவரை எழுப்பி இருமச் சொல்வேன், வராந்தாவில் நடக்கச் சொல்வேன், குந்தி உட்கார்ந்து எழச் சொல்வேன். கடைசியில் பாத்ரூமுக்கு அனுப்பி மூத்திரம் போகச் சொல்வேன். மூத்திரம் போகாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை, ஏனென்றால் பெரிய சைஸ் குழாயை அழுத்திவிடும். முதல் தடவையே சரியாக அமையாமல் போவது சகஜம். முக்கும்போது விழுந்துவிடும், சைஸை மாற்றிப் பார்க்கவேண்டும். குந்தி உட்காரும் டாய்லெட்டில் விழுகிறது என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மலம் கழிக்கும்போது ஒரு விரலால் வளையத்தைத் தாங்கிக்கொள்ளச் சொல்லித் தருவேன். முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

அம்மாவே கழற்றிக் கழுவி மாட்டக் கற்றுக்கொண்டால் ரொம்ப நல்லது. வாரம் ஒருநாள் ராத்திரி கழற்றி, சாதாரண சோப்பில் கழுவி, காலையில் மாட்டினால் போதும். இதைப் பெண்கள் செய்யமாட்டார்கள் என்று நம் ஆட்களே நினைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் 340 பெண்களை வைத்துச் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே பார்த்துக்கொண்டவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்து மாற்றிக்கொண்டவர்களுக்கும் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் இல்லை, தாங்களே பார்த்துக்கொண்டவர்களுக்குச் சிக்கல்கள்தான் குறைவு. மாடு பிரசவிக்கும்போது கையை விட்டுக் கன்றை இழுத்துப்போட்ட பெண்ணுக்கு ஒரு வளையத்தைக் கழற்றி மாட்டுவதா பெரிய வித்தை? முடியாது, கை வரவில்லை என்றால் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை வந்து மாற்றிக்கொள்ளலாம். வருவதை மட்டும் மறக்கக்கூடாது. ரிங்கை வைத்துவிட்டு வருடக்கணக்கில் அப்படியே மறந்துபோனவர்களுக்கு அது சதையில் புதைந்து, மூத்திரப்பைக்கு ஓட்டை போட்ட சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. வீட்டுக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டதால் உள்சதை மெலிந்திருக்கும். வாரம் இரண்டு தடவை உள்ளே தடவுகிற எஸ்ட்ரியால் என்கிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் கேட்டு வாங்குங்கள், உரசல் குறையும். மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லவேண்டும். கொஞ்சம் வெள்ளைப்படுவது இருக்கும். நாற்றம், ரத்தம், வலி இருந்தால் கழற்றிவிட்டு வரச்சொல்லுங்கள். அப்பா கூட இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. தாம்பத்யத்துக்கு வளையம் தடை இல்லை, கழற்றியும் வைக்கலாம். 61 வயதில் இதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

ரிங் எல்லோருக்கும் ஒத்துவராது. நெதர்லாந்தில் 440 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரிங், ஒரு பாதிக்கு ஆபரேஷன் என்று இரண்டு வருடம் பார்த்தார்கள், 2022இல் வெளியானது. ரிங்கில் தொடங்கியவர்களில் 76 சதவீதமும் ஆபரேஷனில் தொடங்கியவர்களில் 81 சதவீதமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ரிங் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த இரண்டு வருடத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். ஆபரேஷன் கொஞ்சம் மேல் என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் மீதிப் பாதிப் பேர் கத்தி படாமலே சமாளித்தார்கள். தன் உடம்பு எந்தப் பாதியில் இருக்கிறது என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். முயன்று பார்ப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

அடுத்தது தசைப் பயிற்சி. கெகல் என்று யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது, அதைப் பார்த்துச் செய்கிறவர்களில் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். மேலே இழுக்கச் சொன்னால் மூச்சைப் பிடித்துக் கீழே முக்குகிறார்கள், அல்லது புட்டத்தை இறுக்குகிறார்கள். முக்கினால் இருக்கிறதும் இறங்கும். சபையில் உட்கார்ந்திருக்கும்போது வாயு வந்தால் எப்படி அடக்குவோம், அந்த இழுப்புதான் சரியானது. மூச்சு சாதாரணமாகப் போய்வர வேண்டும், வயிறும் தொடையும் சும்மா இருக்கவேண்டும். ஆறு முதல் எட்டு எண்ணுகிற வரை இழுத்துப் பிடித்து, அதே அளவு நேரம் விட்டு, ஒரு தடவைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, நாளுக்கு மூன்று வேளை. ஒருமுறையாவது டாக்டரோ இதில் பழகிய ஃபிசியோதெரபிஸ்ட்டோ விரல் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றிலும் 447 பெண்களை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஆளைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்து 16 வாரம் செய்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் தொந்தரவு குறைவாகவே இருந்தது. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலும் முதல், இரண்டாம் ஸ்டேஜுக்கு இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்கிறது. உறுப்பு பழைய இடத்துக்கு ஏறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இறங்கியது பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், பாரமும் இழுப்பும்தான் குறையும்.

மாட்டு வேலையை விடச்சொல்லத் தேவையில்லை. தீவனக் கட்டை ஒரே நடையில் தூக்காமல் இரண்டாகத் தூக்கட்டும். தூக்குகிற நொடிக்கு முன்னால் அந்தத் தசையை இழுத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி தூக்கட்டும். இருமல், தும்மலுக்கும் இதே பழக்கம். உண்மையில் தீவனக் கட்டைவிட மோசமானது மலச்சிக்கல். தினமும் பத்து நிமிடம் முக்குகிறவருக்கு எந்த ஆபரேஷனும் நிற்காது, எந்த ரிங்கும் நிற்காது. தண்ணீர், கீரை, தேவைப்பட்டால் ராத்திரி இசப்கோல். விறகடுப்புப் புகையில் வருகிற பழைய இருமல் இருந்தால் அதற்கு வைத்தியம் பாருங்கள்.

இப்போது, வேண்டாம் என்ற பதிலை நானே ஏற்காத இடங்கள். மூத்திரம் போக முடியாமல் திணறுவது, வெளியே வந்ததை விரலால் உள்ளே தள்ளிவிட்டால்தான் மூத்திரம் போகிறது என்ற நிலை, திரும்பத் திரும்ப மூத்திரத்தில் கிருமி, ஸ்கேனில் கிட்னி வீங்கியிருப்பது, வெளியே நிற்கிற சதையில் ஆறாத புண், உள்ளே தள்ள முடியாமல் வெளியேயே தங்கிவிடுவது. இவற்றில் எது இருந்தாலும் சும்மா இருக்கமுடியாது. உடனே ஆபரேஷன் என்றில்லை, சில பேருக்கு ரிங் போட்டதுமே கிட்னி வீக்கம் வடிந்துவிடும். ஆனால் சிகிச்சை வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. மூத்திரம் போன பிறகு மிச்சம் எவ்வளவு என்று ஒரு ஸ்கேன், ஒரு யூரின் டெஸ்ட், மூன்று மாதச் சர்க்கரை அளவு இதெல்லாம் பார்த்துவிட்டால் நீங்களும் நிம்மதியாக இருக்கலாம். அதன் பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை காட்டினால் போதும்.

கடைசியாக அண்ணனின் வாதம். வயதான பிறகு தாங்காது என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சர்க்கரை, இதயம், நுரையீரல் எல்லாம் எழுபதில் அறுபதைவிட நன்றாக இருக்கப்போவதில்லை. ஆனால் இந்த ஆபரேஷன்களைப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, கீழ்வழியாகவே செய்துவிடலாம், எழுபது தாண்டியவர்களுக்கும் வழக்கமாகச் செய்கிறோம். தாம்பத்யம் இனி வேண்டாம் என்று முடிவுசெய்த வயதான பெண்களுக்குப் பிறப்புறுப்பின் சுவர்களையே சேர்த்துத் தைத்து மூடிவிடுகிற சின்ன ஆபரேஷன் ஒன்றும் இருக்கிறது. நேரம் குறைவு, ரத்தப்போக்கு குறைவு, திரும்ப இறங்குவதும் மிகக் குறைவு. அறுபதில் வேண்டாம் என்று சொன்னவர் எழுபதில் வேண்டும் என்று வந்தால் கதவு மூடியிருக்காது. அண்ணனுக்கு உண்மையில் அம்மாவின் எழுபது வயதைப் பற்றிக் கவலை என்றால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க இப்போதே உதவட்டும், மாட்டுக்கு ஒரு நேரத் தீவனத்தை அவர் அறுத்துப் போடட்டும். கொடுத்த தேதியை ரத்து செய்ய ஒரு போன் போதும். அதே போனில் ரிங் பொருத்திவிடுவீர்களா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு ஒருநாள் காலையில் கூட்டிப்போங்கள். பழைய ரிப்போர்ட்டும், சாப்பிடுகிற மாத்திரைகளும் கையில் இருக்கட்டும்.